விமான நிலையச் சோதனை ஊழியர் சம்பள மசோதா: இந்தத் தடவையாவது செனட் தாண்டுமா?

ராலே வாசு | 13 மே 2022

நேற்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் டிஎஸ்ஏ (விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் மத்திய அரசு அமைப்பு) ஊழியர் மசோதா 220-201 என்று தேறிவிட்டது. மிசிசிப்பி உறுப்பினர் பென்னி தாம்சன் கொண்டுவந்தது. ஏறக்குறைய கட்சி வாரியாகத்தான் ஓட்டு விழுந்திருக்கிறது. இதே சரக்கு 2020 மார்ச்சிலும் இந்தச் சபையில் தேறி, செனட்டில் போய்ப் படுத்துக்கொண்டது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 2001 நவம்பரில் டிஎஸ்ஏவை உருவாக்கிய சட்டத்தில், சோதனை ஊழியர்களின் சம்பளம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றையும் அதன் தலைவரே தன் இஷ்டப்படி தீர்மானிக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் சரி, அது குறுக்கே வராது. அதனால் பெரும்பாலான மத்திய அரசு ஊழியருக்குப் பொருந்தும் ஜிஎஸ் சம்பள அட்டவணை இவர்களுக்குப் பொருந்தாது. அதே கட்டடத்தில், அதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் சிபிபி (சுங்கம், எல்லைக் காவல்) அதிகாரி ஜிஎஸ். நாலு சுவர் தள்ளி நம் பெட்டியைப் பார்ப்பவர் ஜிஎஸ் இல்லை. அந்தப் பிரிவைத் தூக்குவதுதான் மசோதா.

உங்கள் கருத்து என்ன? ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

கணக்கன் | 13 மே 2022

நான் எதிர்ப்பு. 2015-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே ரகசியமாக ஆள் அனுப்பிச் சோதித்ததே, ஞாபகம் இருக்கிறதா? 70 முயற்சியில் 67 தடவை ஆயுதமும் போலி வெடிகுண்டும் உள்ளே போய்விட்டன. அப்போதிருந்த தலைவரைப் பதவியிலிருந்து மாற்றினார்கள். இந்த லட்சணத்துக்கு, வரும் பட்ஜெட்டில் சம்பள உயர்வுக்கு மட்டும் சுமார் 870 மில்லியன் டாலர் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் கூடினால் கண் கூர்மையாகிவிடுமா?

பெட்டிதூக்கி | 13 மே 2022

வாரா வாரம் பறப்பவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்: என் எலுமிச்சை ஊறுகாய் திரவமா திடமா என்று ஒரு முடிவுக்கு வந்தால் சம்பளத்தை இரட்டிப்பாக்க நான் தயார். டென்வரில் திடம், சார்லட்டில் திரவம்.

சக்கரநாற்காலி | 14 மே 2022

கணக்கன் தம்பி, நான் ஒரு விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறேன். ரிட்டயர் ஆன பிறகு மகள் வீட்டோடு வந்து, சும்மா இருக்க முடியாமல் சேர்ந்த வேலை. நான் டிஎஸ்ஏ ஊழியன் இல்லை, ஆனால் தினமும் அவர்கள் நடுவில்தான் என் பிழைப்பு.

எக்ஸ்ரே திரை முன்னால் ஒருவரை அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு கண் வேலை செய்யாது. அங்கிருந்து எழுந்து பெட்டி திறக்கிற மேஜை, அப்புறம் உடல் சோதனை, அப்புறம் அடையாள அட்டை பார்க்கும் இடம், மறுபடி திரை. திரையில் நடுநடுவே கம்ப்யூட்டரே ஒரு பொய்த் துப்பாக்கிப் படத்தை யாரோ ஒருவர் பைக்குள் சொருகிவிடும். பட்டனை அமுக்கினால் "இது சோதனை" என்று வரும். அமுக்காவிட்டால் கணக்கில் ஏறும்.

நம் ஊர்ப் பாட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பார்ப்பேன். நாற்காலியில் இருப்பவரை மிஷினுக்குள் நிற்கச் சொல்ல முடியாது. ஒரு பெண் அதிகாரி புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, முதுகு, இடுப்பு, புடவை மடிப்பு என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிச் சொல்லித் தொட வேண்டும். அவர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், பாட்டி என்னைத்தான் முறைப்பார். பிறகு பாட்டியின் உள்ளங்கையையும் நாற்காலிக் கைப்பிடியையும் ஒரு துணித்துண்டால் துடைத்து மிஷினில் வைப்பார்கள். வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்க்க. வரிசையில் பின்னால் நிற்பவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இதை நிதானமாகச் செய்யத் தெரிந்த ஆள் உருவாக ஒன்றிரண்டு வருடம் ஆகிறது. உருவானதும் போய்விடுகிறார்கள், பெரும்பாலும் கிடங்கு வேலைக்கு. அங்கே யாரும் திட்டுவதில்லை, சம்பளமும் கிட்டத்தட்ட அதேதான். காலை நாலு மணி ஷிஃப்டும் இல்லை.

கணக்கன் | 14 மே 2022

ஐயா, அவர்கள் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. ஆள் நிற்கவில்லை என்றால் தனியாரிடம் விடலாமே? சான் ஃபிரான்சிஸ்கோவிலும் கன்சாஸ் சிட்டியிலும் தனியார் கம்பெனி ஆட்கள்தானே சோதிக்கிறார்கள்? அங்கே ஒன்றும் வானம் இடிந்து விழவில்லை.

ராலே வாசு | 14 மே 2022

அது டிஎஸ்ஏ மேற்பார்வையில் நடக்கும் திட்டம். சட்டப்படி அந்தக் கம்பெனிகள் மத்திய அரசு ஊழியருக்குக் கிடைப்பதற்குக் குறையாத சம்பளமும் சலுகையும் தர வேண்டும். ஆக, தனியாருக்குப் போனாலும் சம்பளத்தின் அடிமட்டத்தை டிஎஸ்ஏதான் தீர்மானிக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது.

முழுத் தனியார் எப்படி இருந்தது என்பதற்குப் பதிவே இருக்கிறது. 2001 செப்டம்பர் வரை சோதனைப் பொறுப்பு விமான கம்பெனிகளுடையது. அவர்கள் குறைந்த விலை கேட்டவனிடம் கான்ட்ராக்ட் விட்டார்கள். 2000 ஜூனில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ ஓர் அறிக்கை தந்தது. 1998 மேயிலிருந்து 1999 ஏப்ரல் வரை, 19 பெரிய விமான நிலையங்களில் ஆள் மாறுவது சராசரி 126%. ஒரு நிலையத்தில் 416%. அதாவது ஒரே இடத்துக்கு வருடத்தில் நாலு பேர் வந்து போயிருக்கிறார்கள். மணிக்கு 6 டாலரோ அதற்கும் குறைவோ கொடுத்தால் அப்படித்தான். அதே விமான நிலையத்து பர்கர் கடையில் அதைவிட அதிகம் கிடைத்தது. அறிக்கை வந்து 15 மாதத்தில் செப்டம்பர் 11.

2015 சோதனையைச் சொன்னீர்கள். அது டிஎஸ்ஏவின் தோல்விதான், மழுப்ப மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து, ஆளைத் தங்கவைப்பதா, இன்னும் சீக்கிரம் ஓடவிடுவதா?

சீதாப்பழம் | 14 மே 2022

நான் வேறொரு மத்திய அரசு அலுவலகத்தில் ஜிஎஸ் ஊழியர். பலர் "சம்பள உயர்வு" என்றதும் ஒரே தடவை கூடுகிற தொகையை மட்டும் நினைக்கிறீர்கள். ஜிஎஸ் ருசியே வேறு.

15 கிரேடு, ஒவ்வொன்றிலும் 10 படி. முதல் மூன்று படி ஏற வருடத்துக்கு ஒன்று. அடுத்த மூன்று, இரண்டு வருடத்துக்கு ஒன்று. கடைசி மூன்று, மூன்று வருடத்துக்கு ஒன்று. 18 வருடத்தில் உச்சிக்கு வந்துவிடலாம். வேலையில் பெரிய குறை இல்லாவிட்டால் மேலதிகாரியிடம் பல் இளிக்காமலே ஏறும். எனக்கு அடுத்த உயர்வு எந்தத் தேதியில், எவ்வளவு என்று இன்றைக்கே அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக் கடன் வாங்கும்போது அந்த அட்டவணைதான் என் தைரியம்.

டிஎஸ்ஏவில் இருப்பது பட்டை முறை. கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று. நடுவில் தானாக நகர வழியில்லை. அந்த வருடம் பணம் இருந்து, தலைமைக்கு மனமும் இருந்தால் நகரலாம். பல வருட அனுபவசாலியும் புதிதாய் வந்தவரும் கிட்டத்தட்ட ஒரே தொகையில் நிற்பது அதனால்தான்.

சிலேட்டு | 15 மே 2022

இவ்வளவு அநியாயம் என்றால் ஏன் வேலைநிறுத்தம் செய்யவில்லை? ஒரு நாள் நிறுத்தினால் போதுமே, நாடே நின்றுவிடும்.

சீதாப்பழம் | 15 மே 2022

தம்பி, மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது இந்த நாட்டில் சட்ட விரோதம். 1981 ஆகஸ்டில் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் செய்து பார்த்தார்கள். அன்றைய அதிபர் ரீகன் 11,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார். டிஎஸ்ஏவில் 2011-இல்தான் ஏஎஃப்ஜிஇ என்கிற மத்திய அரசு ஊழியர் யூனியனே உள்ளே வந்தது, அதுவும் அன்றைய தலைவர் பிஸ்டோல் மனம் வைத்து அனுமதித்ததால். சம்பளத்தைப் பற்றி மட்டும் பேரம் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு!

பெட்டிதூக்கி | 15 மே 2022

சம்பளம் பேசக்கூடாத யூனியன் என்னத்தைப் பேசும்? ஷிஃப்ட், யூனிஃபார்ம், லீவு. சரி, அதுவும் வேண்டும்தான்.

கணக்கனுக்கு ஒரு கணக்கு. உங்கள் அடுத்த டிக்கெட் ரசீதில் வரிப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். 'ஏஒய்' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் செப்டம்பர் 11 பாதுகாப்புக் கட்டணம், ஒரு வழிக்கு 5.60 டாலர், உள்நாட்டில் போய்த் திரும்பினால் 11.20. நாம் கொடுப்பதெல்லாம் சோதனைச் செலவுக்குப் போகிறது என்றுதானே நினைக்கிறோம்? 2013 பட்ஜெட் ஒப்பந்தத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரசின் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்கத் திருப்பப்படுகிறது. வருடத்துக்கு ஒன்றரை பில்லியன் டாலர் அளவில்.

கணக்கன் | 15 மே 2022

இது எனக்குப் புதிது. சரிபார்த்தேன், உண்மைதான். பயணியிடம் ஒன்றைச் சொல்லி வாங்கி வேறொன்றுக்குச் செலவழிப்பது மோசடி என்றே சொல்வேன். அந்தப் பணத்திலிருந்து சம்பளம் கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜிஎஸ் மட்டும் வேண்டாம். 18 வருடம் தானாக ஏறுகிற ஏணி, வேலை செய்யாதவனையும் சேர்த்துத்தான் ஏற்றும்.

ராலே வாசு | 30 டிசம்பர் 2022

இழையைத் தூசி தட்டுகிறேன். மசோதா எதிர்பார்த்தபடியே செனட்டில் தூங்கிவிட்டது. இரண்டு தரப்பும் 50-50 என்றிருக்கும் சபையில், விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விடத் தேவையான 60 ஓட்டுக்கு எங்கே போவது? ஆனால் நேற்று பைடன் கையெழுத்திட்ட மொத்தச் செலவுச் சட்டத்தில் டிஎஸ்ஏ சம்பள உயர்வுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜூலையிலிருந்து ஜிஎஸ் அளவுக்குச் சமமாக வரும்.

சக்கரநாற்காலி | 31 டிசம்பர் 2022

இங்கே இனிப்பு கொடுத்தார்கள். எனக்கும் ஒரு டோநட்.

சீதாப்பழம் | 2 ஜனவரி 2023

மகிழ்ச்சி. ஆனால் கவனியுங்கள், 2001 சட்டத்தின் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. தலைவர் பெகோஸ்கி தன் அதிகாரத்தை வைத்து ஜிஎஸ் மாதிரி ஓர் அட்டவணை போடுகிறார், காங்கிரஸ் (இந்த நாட்டு நாடாளுமன்றம்) அதற்கு இந்த வருடப் பணத்தைக் கொடுத்திருக்கிறது. சட்டம் கொடுத்தது அல்ல. அடுத்த தலைவர் பேனாவை எடுத்தால் மாற்றிவிடலாம், அடுத்த காங்கிரஸ் பணத்தை நிறுத்தலாம்.

கணக்கன் | 2 ஜனவரி 2023

எல்லா அரசுச் செலவும் வருடா வருடம் காங்கிரஸ் கொடுப்பதுதானே அக்கா? ராணுவத்துக்கும் அப்படித்தான். வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

சக்கரநாற்காலி | 20 ஆகஸ்ட் 2024

யாரும் இந்தப் பக்கம் வரவில்லை போல. சொல்லிவிட்டுப் போகிறேன். உயர்வு வந்து ஒரு வருடம் தாண்டியது. சராசரியில் 30 சதவீதத்துக்குப் பக்கம் என்று கேள்வி. எனக்குத் தெரிந்த மாற்றம்: போன கோடையில் பெயர் கற்றுக்கொண்ட முகங்கள் இந்தக் கோடையிலும் இருக்கின்றன. கிடங்குக்குப் போன ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். மே மாதம் யூனியனோடு ஏழு வருட ஒப்பந்தமும் போட்டாயிற்று. எங்கள் தள்ளுநாற்காலிக் கம்பெனிப் பக்கம் சம்பளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை.

பெட்டிதூக்கி | 20 ஆகஸ்ட் 2024

வேலையை விட்டுப் போகிறவர் விகிதம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டதாக டிஎஸ்ஏவும் சொல்கிறது ஐயா. ஊறுகாய் இன்னும் திரவம்தான்.

ராலே வாசு | 8 மார்ச் 2025

சீதாப்பழம் அக்கா சொன்ன பேனா எடுக்கப்பட்டது. பெகோஸ்கியை ஜனவரி 20 அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, செயலர் நோம் உத்தரவுப்படி, டிஎஸ்ஏ ஊழியரின் கூட்டுப் பேர உரிமை ரத்து என்று அறிவித்தது. ஏழு வருட ஒப்பந்தம் ஒரு வருடம்கூட ஆகவில்லை. காரணம், யூனியன் வேலை பார்ப்பவர்கள் அதிகமாகி சோதனை வேலை கெடுகிறதாம்.

சிலேட்டு | 8 மார்ச் 2025

சம்பளத்தையும் குறைத்துவிட்டார்களா?

சீதாப்பழம் | 8 மார்ச் 2025

இல்லை, அட்டவணையைத் தொடவில்லை. குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் இரண்டும் நிற்பது ஒரே பிரிவின் மேல். 2011-இல் பிஸ்டோல் கொடுத்ததை 2025-இல் நோம் எடுக்க முடிந்தது என்றால், 2023-இல் பெகோஸ்கி கொடுத்ததையும் எடுக்க முடியும். அதற்கு நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கூடத் தேவையில்லை, ஒரு குறிப்பாணை போதும்.

கணக்கன் | 9 மார்ச் 2025

யூனியன் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஏழு வருடம் என்று அரசு கையெழுத்துப் போட்டு ஒரு வருடத்தில் கிழிப்பது எந்தக் கட்சி செய்தாலும் சரியில்லை. நாளைக்கு என் கான்ட்ராக்டையும் இப்படிக் கிழிப்பார்கள்.

ராலே வாசு | 4 ஜூன் 2025

சியாட்டிலில் நீதிபதி மார்ஷா பெச்மன் அந்த ரத்து உத்தரவுக்கு இடைக்காலத் தடை போட்டிருக்கிறார். ஒப்பந்தம் இப்போதைக்கு உயிரோடு இருக்கிறது. தாம்சனும் மார்ச்சிலேயே மசோதாவை மறுபடி தாக்கல் செய்துவிட்டார். எதிர்த்திசையில், டிஎஸ்ஏவையே ஒழிக்க வேண்டும் என்று செனட்டர்கள் மைக் லீயும் டாமி டியூபர்வில்லும் ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே அலமாரியில்தான் அடுக்கப்படும் போலிருக்கிறது.

சக்கரநாற்காலி | 2 நவம்பர் 2025

காங்கிரஸ் பணம் ஒதுக்காததால் அரசு முடக்கம் அக்டோபர் 1-இல் தொடங்கியது, மாதம் ஒன்று ஆகிவிட்டது. டிஎஸ்ஏ ஆட்கள் 'அத்தியாவசிய ஊழியர்', ஆகவே வேலைக்கு வர வேண்டும், சம்பளம் கிடையாது. ஓய்வறையில் ஒரு மேஜை போட்டு யாரோ பாஸ்தா, டப்பா பீன்ஸ், டயப்பர் வைத்திருக்கிறார்கள். டயப்பர்தான் முதலில் தீர்கிறது. மூன்றாம் எண் வரிசையை மூடிவிட்டார்கள், ஆள் இல்லை. லீவு போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெட்ரோலுக்குக் காசு இல்லாமல் ஐம்பது மைல் எப்படி வருவது?

பெட்டிதூக்கி | 2 நவம்பர் 2025

2018-19 முடக்கம் 35 நாள். அப்போது ஒரே நாளில், ஜனவரி 20 என்று நினைவு, 10% பேர் வரவில்லை. முந்தைய வருடம் அதே நாளில் 3 சதவீதத்தை ஒட்டி. மியாமியில் ஒரு முனையத்தையே மூடினார்கள். அதே சமயம் சான் ஃபிரான்சிஸ்கோவில் தனியார் கம்பெனி ஆட்களுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. கணக்கன் இதை எடுப்பார் என்று தெரியும், அதனால் நானே எடுத்துவிட்டேன்.

கணக்கன் | 2 நவம்பர் 2025

எடுக்கத்தான் போகிறேன்! தனியாருக்கு முடக்கத்திலும் சம்பளம் வருகிறது என்றால் ஊழியருக்கே அது நல்லதில்லையா?

சீதாப்பழம் | 3 நவம்பர் 2025

இந்த ஓர் அம்சத்தில் நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கான்ட்ராக்ட்டுக்கு முன்பே ஒதுக்கிய பணம் இருக்கும்வரைதான் அது ஓடும். நிலுவைச் சம்பளம் முடக்கம் முடிந்ததும் தரப்பட வேண்டும் என்று 2019-இல் சட்டம் வந்தது. அதையும் இந்த அக்டோபரில் வெள்ளை மாளிகைத் தரப்பில், தானாகக் கிடைக்காது என்று வேறு அர்த்தம் சொல்லிப் பார்த்தார்கள். நானும் அதே படகுதான். என் ஜிஎஸ் அட்டவணையில் அடுத்த படியின் தேதி இருக்கிறது, இந்த மாதச் சம்பளம் இல்லை.

சிலேட்டு | 14 நவம்பர் 2025

முந்தாநாள் முடக்கம் முடிந்தது. 43 நாள். நேற்று ஹூஸ்டனில் செயலர் நோம் சில டிஎஸ்ஏ ஊழியருக்கு 10,000 டாலர் காசோலை கொடுத்தாராம், முடக்கத்தில் சிறப்பாக வேலை செய்ததற்கு. நல்ல விஷயம்தானே?

சக்கரநாற்காலி | 14 நவம்பர் 2025

வாங்கியவர்களுக்கு நல்லது, வயிறு எரியக்கூடாது. இங்கே பேச்சு முழுக்க யாருக்கு, எதை வைத்து என்பதுதான். ஒரு நாள்கூட லீவு போடாத பெண் ஒருத்தி இருக்கிறாள், பாட்டிகளுக்குக் கையுறை மாற்றுவாள் என்று சொன்னேனே, அந்த வேலை செய்பவர்களில் ஒருத்தி. அவளுக்கு வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

கணக்கன் | 15 நவம்பர் 2025

நான் ஜிஎஸ் ஏணிக்கு இன்னும் எதிர்ப்புதான். ஆனால் மேடை போட்டுக் காசோலை கொடுப்பதைச் சம்பளக் கொள்கை என்று சொல்லமாட்டேன். விதி என்ன, தகுதி என்ன என்று எழுதி ஒட்டாத ஊக்கத்தொகையை எந்தக் கம்பெனியிலும் ஆடிட்டர் விடமாட்டார். என் உறுப்பினருக்கு எழுதப் போகிறேன். இரண்டே கோரிக்கை: 5.60 டாலரை முழுசாகச் சோதனைக்கே விடுங்கள், முடக்கத்தில் அந்தப் பணத்திலிருந்து சம்பளம் கொடுங்கள். தாம்சன் மசோதாவுக்கு ஆதரவு என்று போடமாட்டேன், படித்துப் பார்த்து விவாதத்துக்கு எடுங்கள் என்று மட்டும் போடுவேன். அது இப்போது எங்கே இருக்கிறது?

ராலே வாசு | 15 நவம்பர் 2025

குழுவில். இந்தக் காங்கிரஸின் பதவிக்காலம் 2027 ஜனவரி முதல் வாரம் வரை. அதற்குள் எடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தாக்கல். உங்கள் உறுப்பினர் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவில் இல்லையென்றாலும் எழுதுங்கள், பதிவாகும்.

சீதாப்பழம் | 15 நவம்பர் 2025

கணக்கன் சார், ஒன்று மட்டும். மசோதாவின் முழுப் பெயரையும் எண்ணையும் போட்டு எழுதுங்கள். சும்மா "டிஎஸ்ஏ மசோதாவை எடுங்கள்" என்று அனுப்பினால், மைக் லீ மசோதாவுக்கு ஆதரவு என்று அந்த அலுவலகப் பையன் கணக்கில் ஏற்றிவிடப் போகிறான்.